தொட்டிலில் கல்

பெயர் சூட்ட நாள் குறித்து ஊரையே அழைத்தாகிவிட்டது. குழந்தை மட்டும் இன்னும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். "குறிச்ச நாளை மாத்தக் கூடாது, வெறுந்தொட்டிலையும் ஆட்டக் கூடாது" என்ற மாமியார், அம்மிக்குழவியைப் பட்டுத்துணியில் சுற்றித் தொட்டிலில் கிடத்தினார். சுகந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ரவிக்கை பாலில் நனைந்துகொண்டிருந்தது. காதில் பெயர் சொல்ல வேண்டிய நாத்தனார் வளர்மதி குனிந்து, "ஏம்மா, கல்லுக்குக் காது எந்தப் பக்கம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்க அண்ணி! அந்தப் பேரை மொதல்ல என் பொண்ணுதான் கேக்கணும்."

சிரிப்பு அடங்கியது. வளர்மதி நிமிர்ந்து செருப்பைத் தேடினாள்.

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு சொன்னா அவளுக்குக் கேக்குமா சுகந்தி?"

சுகந்தி அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.