ஆறரை மணி போன்

போன் அடித்ததும் தங்கம் ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஓடினாள். "எம் புள்ளதான்" என்று சொல்லிக்கொண்டே ரிசீவரை எடுத்தாள். கொஞ்சம் புளி கேட்க வந்த பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"சாப்பிட்டியாய்யா? நான் இப்பதான் உளுந்து ஊற வச்சேன். ரங்கநாதன் தெருவுல இன்னிக்கு நடக்க முடியல, அவ்வளவு கூட்டம். முழங்கால் வலி பரவால்ல."

தங்கம் மூச்சு விடாமல் பேசினாள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை. பிறகு பாதிப் பேச்சில் நிறுத்தி, ரிசீவரை மெல்ல வைத்தாள்.

"பம்பாய்ல இருந்தாக்கா? டிரங்க் கால்னா முதல்ல ஆபரேட்டர் பேசுவாங்களே?" என்றாள் சண்முகவடிவு.

"இப்பல்லாம் நேராவே வருது" என்றாள் தங்கம்.

புருஷன் போய், பாத்திரக் கடையும் போய்விட்டது. அந்தப் போனை மட்டும் அவள் விடவில்லை. மகன் பம்பாய்க்கு ரயிலேறியபோது இந்த நம்பரைத்தான் எழுதிக்கொண்டு போனான்.

அதே நேரம் திருவல்லிக்கேணியில், டிவி ரிப்பேர் செய்யும் இனாயத் தன் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தான். மச்சான் சிங்கப்பூரிலிருந்து பாகம் பாகமாகக் கொண்டுவந்ததை அவனே பற்றவைத்துச் சேர்த்தது. அடையாற்றில் சிநேகிதன் தணிகாசலத்திடமும் அதே மாதிரி ஒன்று இருந்தது. இரண்டையும் போன் லைனில் பேச வைக்க, மோடம் என்று ஆளுக்கொரு டப்பா செய்திருந்தார்கள்.

முதலில் செய்த டப்பா, எதிர்ப்பக்கம் தயாரா இல்லையா என்று பார்க்காமல் எழுத்தைக் கொட்டிவிடும். பாதி தொலைந்து போகும். அதனால் இனாயத், டப்பாவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சீரியல் போர்ட்டில் இன்னொரு கம்பி இழுத்தான். எதிர்ப்பக்கத்து மோடத்தின் விசில் கேட்டால்தான் அந்தக் கம்பி உயிர் பெறும்; அதுவரை கம்ப்யூட்டர் வாய் திறக்காது. ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு லைனை வெட்டிவிடும். தினம் சாயங்காலம் ஆறரைக்குத் தானே நம்பரைத் தட்டி அழைக்கவும் பழக்கியிருந்தான்.

அழைத்தது. யாரோ எடுத்தார்கள். விசில் மட்டும் ஒரு நாளும் வரவில்லை.

"எனக்கு மணியே அடிக்கலப்பா" என்றான் தணிகாசலம்.

"நீ தூங்கிக்கினு இருந்திருப்ப."

"உன் கம்பியப் பாரு பாய், என் தூக்கத்த அப்பறம் பாக்கலாம்."

மறுநாள் இனாயத் லைனில் ஒரு இயர்போனைச் செருகிக் காதில் வைத்துக்கொண்டான். மூன்று என்றால் மூன்று தட்டு, நாலு என்றால் நாலு என்று மோடம் டக்டக்கென்று நம்பரைத் தட்டியது. எதிர்ப்பக்கம் எடுத்தார்கள்.

"சாப்பிட்டியாய்யா?" என்றது வயதான பெண் குரல். "இன்னிக்கு வத்தக் கொழம்பு. ஒருத்திக்குன்னு வச்சா ருசியே அமைய மாட்டேங்குது. நீ அங்க ஓட்டல்லயே தின்னு வயித்தக் கெடுத்துக்காத..."

கம்ப்யூட்டர் விசிலுக்குக் காத்திருந்தது. இனாயத் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நிமிஷம் முடிந்ததும் லைன் வெட்டுப்பட்டது, அந்தக் குரல் பாதியில் நின்றது.

தப்பைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கடைசி எண்ணுக்கு மட்டும் ஒரு தட்டு குறைவாக எழுதி வைத்திருந்தான். அதைத் திருத்தி மறுபடி அழைக்க விட்டான். அடையாற்றின் விசில் வந்தது. தணிகாசலம் தட்டிய 'சலாம் பாய்' இங்கிலீஷ் எழுத்தில் ஒன்று கூடத் தொலையாமல் திரையில் வந்து நின்றது.

இத்தனை நாள் இதற்குத்தான் பாடுபட்டான். ஆனால் இனாயத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் அந்தத் தப்பு நம்பரைத் தன் கையாலேயே சுற்றினான். தங்கம் எடுத்தாள்.

"அம்மா, என் பேரு இனாயத். திருவல்லிக்கேணியில டிவி ரிப்பேர் பண்றேன். தெனம் ஆறரைக்கு உங்க வீட்டுக்கு போன் வந்துக்கினு இருந்துச்சே, அது என்னோட மெஷின்மா. தப்பா அடிச்சிட்டு இருந்துச்சு. மன்னிச்சிடுங்க. நேத்து சரி பண்ணிட்டேன்."

 

"அப்ப இன்னிக்கு அடிக்காதா?" என்றாள் தங்கம்.

அந்த அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை என்று நினைத்தான் இனாயத். எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அந்தப் பக்கம் யாருமே இல்லமா. வெறும் மெஷின். உங்க புள்ள இல்ல."

"தெரியும்யா" என்றாள் தங்கம். "எம் புள்ளைன்னா தெனம் அடிப்பானா?"