வியாழக்கிழமைத் தப்பு

"மார்ஷல் காலேஜ் இருக்கற வரைக்கும் கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ-வை யாரும் அசைக்க முடியாது" என்று வெண்டல் மைக்கில் சொல்லி மூச்சுக்கூட விடவில்லை. போன் விளக்கு எரிந்தது.

எதிர்பார்த்த ஆள்தான். மெர்ல்.

"ஏம்ப்பா வெண்டல், மார்ஷல் அங்கேர்ந்து கிளம்பி சன் பெல்ட்டுக்குப் போய் மூணு வருஷம் ஆச்சு. நீ எந்த ஊர்ல இருக்கே?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நிகழ்ச்சியைத் தயாரிக்கும் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் வானொலியில் வியாழக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் கல்லூரி ஃபுட்பால் பேச்சு. பெரிய அணிகளைப் பற்றிப் பேசத்தான் டிவி இருக்கிறதே. நாங்கள் பேசுவது நடுத்தரக் கான்ஃபரன்ஸ்களை, அதாவது கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் கூட்டணிகளைப் பற்றி. எங்கள் மிட்-அமெரிக்கன் உசத்தியா, சன் பெல்ட் உசத்தியா என்று ஒப்பிட்டு மல்லுக்கட்டுவது. சில வருடங்களாகக் கல்லூரிகள் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவியபடியே இருக்கின்றன. இன்றைக்கு யார் எங்கே என்பது அந்தந்தக் கல்லூரிக்காவது தெரியுமா என்பது என் சந்தேகம்.

வெண்டலுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர். அப்படிப்பட்டவர் ஒரு வருடமாக வாரத்துக்கு ஒரு தப்பு சொல்கிறார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மெர்ல், உடனே போன் போட்டு ஊர் கேட்க அவர் மானத்தை வாங்குகிறார். ஒருநாள் அந்த மெர்லை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். இன்னும் ஒரு தப்பு வந்தால் வெண்டலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொலம்பஸ் நகர வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கிப் போட்டுவிடலாம் என்றார்.

நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, எந்தக் கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸில் என்று கொட்டை எழுத்தில் பட்டியல் எழுதினேன். அடுத்த வியாழக்கிழமை அதை வெண்டலின் மைக்குக்கு எதிரே ஒட்டினேன்.

அவர் பட்டியலை நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, சார்லட் இன்னும் கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ-வில்தான் இருக்கிறது என்றார்.

போன் விளக்கு எரிந்தது. சார்லட் அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு என்று மெர்ல் ஆரம்பித்தார். அப்புறம் அமெரிக்கன் உசத்தியா, சன் பெல்ட் உசத்தியா என்று இரண்டு பேரும் கால் மணி நேரம் முட்டிக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் உள்ளே போய்க் கத்திவிட்டேன். "கண்ணுக்கு நேரா எழுதி ஒட்டியிருக்கேன். படிக்கக்கூட முடியலையா உங்களால?"

வெண்டல் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"படிச்சேம்மா. சரியாத்தான் எழுதியிருக்கே."

"அப்புறம்?"

"போன நவம்பர்ல மெர்லோட சம்சாரம் ஓபல் இறந்துபோயிட்டா. அதுக்கப்புறம் அவன் எங்கேயும் வர்றதில்லை. சர்ச்சுக்கு இல்லை, ஊரோட சேர்ந்து சாப்பிடற வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு இல்லை. நான் போன் பண்ணா எடுக்கறதும் இல்லை. ஒரு வாரம் நிஜமாவே வாய் தவறி ஒரு காலேஜை மாத்திச் சொல்லிட்டேன். அரை நிமிஷத்துல கூப்பிட்டான். எப்படி இருக்கேன்னு கேட்டா நல்லாயிருக்கேன்னு வெச்சிடுவான், ரோண்டா. தப்பா சொன்னா கால் மணி நேரம் பேசறான்."

நிகழ்ச்சி நின்றுவிடும் என்று சொன்னேன். தெரியும் என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

சனிக்கிழமை மெர்ல் வீட்டுக்கு வண்டியை விட்டேன். வெண்டலின் ரகசியத்தைச் சொல்லாமல், இனிமேல் கொஞ்சம் தன்மையாகத் திருத்தும்படி கேட்பதாக எண்ணம். இந்தத் தப்புகளால் வெண்டலின் வேலை போய்விடும்போலிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மெர்ல் காபியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தார்.

"அவனாவது தப்பு பண்றதாவது. அங்கே பாரு."

ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லாக் கான்ஃபரன்ஸும், எல்லாக் கல்லூரியும். மார்ஷல் சன் பெல்ட்டில், சார்லட் அமெரிக்கனில். வெண்டலின் சாய்ந்த கையெழுத்து.

"வருஷா வருஷம் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுதி எனக்குத் தபால்ல அனுப்புவான். இந்த ஆகஸ்ட்லயும் அனுப்பினான். அனுப்பினதை மறந்துட்டான், மடையன்."

"அப்போ தெரிஞ்சேதான் போன் பண்றீங்களா?"

மெர்ல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உண்மையைச் சொல்லும்மா. அந்த அரை மணி நேரத்துல என்னைத் தவிர வேற யாராவது கூப்பிடறாங்களா? எனக்கு யார்கிட்டயும் பேசவே பிடிக்கலை. ஆனா நான் கூப்பிடலைன்னா, தன் பேச்சை ஒருத்தரும் கேக்கறதில்லைன்னு அவன் நினைச்சுப்பான். பாவம், அவனுக்கு அது ஒண்ணுதானே இருக்கு."

திரும்பி வரும்போது பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதலாளி, வெண்டலுக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தோடு காத்திருந்தார்.

"சார்லட் தப்பு என்னுதுங்க" என்றேன். "பட்டியலை எழுதிக் கொடுக்கறதே நான்தான். அவர் அதைத்தான் படிச்சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடிதத்தை மேஜைக்குள் போட்டுக்கொண்டு, இனிமேலாவது பார்த்து எழுது என்றார்.

அடுத்த வியாழக்கிழமைக்கு எந்தக் கல்லூரியை மாற்றி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.