பதினெட்டு ஜன்னல்

மரியம்மாளை எதிர்த்தரப்பு வளைத்துப் போட்டுவிட்டது. குமாரவேலுக்கு இப்போது அதில் சந்தேகமே இல்லை.

"மாடிப்படி எந்தப் பக்கம் இருந்துச்சு? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"தெரியாதுபா."

காலை பத்து மணியிலிருந்து இதே பாட்டுத்தான். முசரவாக்கத்துக்கு வெளியே, முள் மண்டிய தோப்பின் நடுவே, கூரை சரிந்து உள்ளே விழுந்து கிடக்கும் தாத்தாவின் பங்களாவுக்குள் வியர்த்து வழிய நின்றிருந்தான் அவன். நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி விசாரணை.

தாத்தா 1978-லேயே வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார் என்கிறது எதிர்த்தரப்பு. இல்லை, சாகும்வரை இங்கேதான் இருந்தார் என்று சொல்ல மிச்சமிருப்பது, பதினாறு வருஷம் இங்கே வேலை பார்த்த மரியம்மாள் ஒருத்திதான்.

சாட்சி நிஜமா பொய்யா என்று பார்க்க, வீட்டுக்குள் எது எங்கே இருந்தது என்று துருவுவார்கள் என வக்கீல் எச்சரித்திருந்தார். சொல்லிக்கொடுக்கலாமென்றால் குமாரவேலுக்கே எதுவும் தெரியாது. சென்னையில் பிறந்து வளர்ந்தவன், இங்கே வருவதே இதுதான் முதல் தடவை.

அவளும் பாவம், இட்லிக் கடைக்கு லீவு விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். கொல்லைப்பக்கம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.

"சரி, உங்களுக்கு என்னதான் தெரியும்?" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

"ஜன்னலு மொத்தம் பதினெட்டு. பொங்கலுக்குப் பொங்கல் வெளிச்செவுத்துக்கு வெள்ளையடிக்கிறது நான்தான். தென்னை நாப்பத்தொண்ணு. விடியக்காத்தால நான் சாணி அள்ளிக்கினு இருப்பேன், உங்க தாத்தா இருமுறது மாட்டுக்கொட்டா வரைக்கும் கேக்கும். தொண்ணூறுல செத்தாரு. அன்னிக்கி சரியான மழை. எல்லாம் நல்லா ஞாபகம் இருக்குது."

கேட்கக் கேட்க எரிச்சல்தான் ஏறியது. ஜன்னலை எண்ணி வைத்திருப்பவளுக்கு மாடிப்படி தெரியாதாம்.

"சாமி ரூம் எது?"

"தெரியாதுபா."

"தாத்தா எங்க படுப்பாரு?"

"அது எனக்கு எப்படிப்பா தெரியும்?"

குமாரவேலின் பொறுமை போய்விட்டது. அதுவரை இருந்த 'நீங்க'வும் அதோடு சேர்ந்து போய்விட்டது. செங்கல் குவியலைத் தாண்டி அவள் முன்னால் வந்து நின்றான்.

"பதினாறு வருஷம் எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, இப்ப அவனுங்க பக்கம் சாஞ்சிட்ட, இல்ல? நாளைக்கு நீ இப்படிச் சொன்னா இந்த வீடு என் கையை விட்டுப் போயிடும். வீட்டுக்குள்ள இருந்தது ஒண்ணுகூடவா உனக்குத் தெரியாது?"

மரியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கள ஒருநாளும் உள்ள விட்டதில்லியேபா."