கடைசி இடத்துக்குப் போட்டி

"செஸ்டர், சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்டா நிப்பே? எழுதித் தொலை!" என்று கத்தினான் ரெஜிஸ்.

செஸ்டர் எழுதவில்லை. கரும்பலகையைப் பார்ப்பதும், மூலையில் உட்கார்ந்திருந்த எமிலைப் பார்ப்பதும், மீசையைக் கடிப்பதுமாக நின்றான்.

பிட்ஸ்பர்க்கில் டார்லீனின் பாரில் இது வருஷா வருஷம் நடப்பதுதான். பேஸ்பால் சீசன் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, எங்கள் பிரிவில் இருக்கும் ஐந்து அணிகளும் எந்த வரிசையில் முடிக்கும் என்று ஆளாளுக்குப் பலகையில் எழுத வேண்டும். சீசன் முடியும் அக்டோபரில் யார் கணிப்பு படுமோசமோ அவனுக்குத் தண்டனை.

தண்டனை லேசுப்பட்டதல்ல. அடுத்த சீசன் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு எமிலைக் கூட்டிப்போக வேண்டும். சர்க்கரை வியாதியில் எமிலுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தும் எங்கே போனது, யார் பிடித்தது என்று வாயால் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை ரெஜிஸ் மாட்டினான்.

"பந்து எங்கடான்னா 'அங்க போச்சு'ங்கறியே. அங்கன்னா எங்க, உன் மாமியார் வீட்டுக்கா?" என்று எமில் போட்ட கூச்சலில் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். மூன்றாவது ஞாயிறே ரெஜிஸுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. அந்த வருஷம் மிச்ச ஆட்டத்துக்கெல்லாம் எமில் போகவே இல்லை.

அதற்குப் பிறகு மாட்டுவதெல்லாம் செஸ்டர்தான். உருப்படாத எங்கள் ஊர் அணியை ஒவ்வொரு வருஷமும் முதலிடத்தில் எழுதுவான். பாசக்கார முட்டாள் என்று சிரித்துவிட்டுப் போவோம்.

இந்த வருஷம் கதையே வேறு. பந்து வீச எங்களிடம் மூன்று சூரர்கள். அதனால் எல்லோருமே பிட்ஸ்பர்க்கைத்தான் மேலே எழுதியிருந்தோம், டார்லீனின் மருமகனைத் தவிர. அவன் சிகாகோக்காரன். சிகாகோவை முதலிலும், எங்களைச் சீண்டுவதற்கென்றே பிட்ஸ்பர்க்கை நாலாவதிலும் எழுதிவிட்டு, இளித்துக்கொண்டே மீன் சாண்ட்விச் தின்றான்.

அதைப் பார்த்ததிலிருந்துதான் செஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"டார்லீன், உன் மருமகனை மாத்தி எழுதச் சொல்லேன்."

"ஏன்யா?"

"ரொம்ப அநியாயமா இருக்கு."

"அவன் பாடு அது. நீ உன்னோடதை எழுது, நான் கடையைக் கவனிக்கணும்."

ஒருவழியாக எழுதினான். சின்சினாட்டி முதலிடம். அப்புறம் செயின்ட் லூயிஸ், சிகாகோ, மில்வாக்கி. எல்லாவற்றுக்கும் கீழே பிட்ஸ்பர்க்.

பார் முழுக்க அவனைப் பிடித்துக்கொண்டது.

"துரோகி!"

"இத்தனை வருஷம் தோக்கறப்போ தலையில வெச்சு ஆடினே. ஜெயிக்கப் போற நேரத்துல காலை வாரறியா?" ரெஜிஸ் துடைக்கும் காகிதத்தைச் சுருட்டி அவன்மேல் எறிந்தான்.

"என்ன எழுதினான்?" என்று மூலையிலிருந்து எமில் கேட்டான். சொன்னோம்.

"மடையன்! இவன் பக்கத்துல உக்காந்து ஆட்டம் கேக்கணும்னு என் தலையெழுத்து."

எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். சொன்னால் என்ன, எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. செஸ்டர் சாக்பீஸை வைத்துவிட்டுக் காரை எடுக்க வெளியே போனான். ரெஜிஸ் விறுவிறுவென்று பின்னாலேயே போனான். கைகலப்பாகிவிடுமோ என்று நானும் ஓடினேன்.

"நிஜமாச் சொல்லுடா. இந்த வருஷம் யார் ஜெயிப்பா?"

"நாமதான்." செஸ்டர் யோசிக்கவே இல்லை. "மில்வாக்கி ரெண்டாவது. சின்சினாட்டி கடைசி. அவங்க ஆளுங்க பாதிப் பேருக்குத் தோள்ல அடியாச்சே."

"அப்புறம் எதுக்குடா தலைகீழா எழுதினே?"

செஸ்டர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"எமிலுக்குக் கண்ணு போன புதுசுல டிக்கெட் வாங்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். எவன் தயவும் வேணாம்னு மூஞ்சியில வீசினான். வீட்டை விட்டே வெளிய வரலை. அப்புறம்தான் இந்தத் தண்டனையைக் கிளப்பி விட்டேன். தண்டனைன்னாதான்டா ராஜா மாதிரி வந்து உக்கார்றான். அந்தச் சிகாகோப் பய தோத்தான்னா ரெண்டே வாரத்துல கழண்டுக்குவான். அப்புறம் எமில் கதி? அதான் அவனை விட மோசமா எழுதணும்னு ஆயிடுச்சு."

ரெஜிஸ் வயிற்றைத் தடவிக்கொண்டான். அந்த வயிற்றுவலி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கதவு திறந்தது. கைத்தடியைத் தட்டிக்கொண்டு எமில் வந்தான். செஸ்டர் ஓடிப்போய்த் தன் முழங்கையைக் கொடுத்தான். நானும் ரெஜிஸும் மூச்சுக் காட்டாமல் சுவரோரம் ஒதுங்கினோம்.

"பக்கத்துல யாராவது இருக்கானுங்களா?" என்றான் எமில்.

செஸ்டர் எங்களைப் பார்த்தான். "இல்லை, ஏன்?"

எமில் குரலைத் தாழ்த்தினான்.

"பிட்ஸ்பர்க்கைப் போயா கடைசியில எழுதுவே? அடுத்த வருஷமாவது கொஞ்சம் நம்பற மாதிரி தோத்துத் தொலைடா. எனக்கே தெரியுது, கண்ணு இருக்கறவனுங்க கண்டுபிடிச்சிட மாட்டானுங்க?"