இரண்டு துண்டுச் சீட்டுகள்

டாக்டர் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, "பதினஞ்சு நிமிஷம்" என்றார். நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

கட்டியது என் வீட்டுக்காரரின் மூக்கில் அல்ல. நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கும் சதைத் தண்டில்.

மூக்கில் வந்த புற்றை வெட்டி எடுத்த இடத்தில், நெற்றித் தோலைத் திருப்பி இறக்கிப் புது மூக்கு செய்திருக்கிறார்கள். மூன்று வாரமாக அந்தத் தண்டு வழியாகத்தான் மூக்குக்கு ரத்தம் போகிறது.

இவர் அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறார். மூக்கில் ஈ உட்கார்ந்தால் நெற்றி ஓரத்தைச் சொறிகிறார். நரம்பு இன்னும் நெற்றி நினைப்பிலேயே இருக்கிறதாம்.

மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனிதர். மூக்கே இல்லாதபோது கோபம் எங்கே போய் உட்காரும் என்று ஒருநாள் கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதலில் சிரித்தார். தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான். தண்டு வழி ரத்தத்தை இப்படிக் கட்டி நிறுத்தினாலும், கன்னத்திலிருந்து புது மூக்கு சொந்தமாக ரத்தம் பிடித்துக்கொண்டதா?

பிடித்திருந்தால் நாளைக்குத் தண்டை வெட்டிவிடலாம். பிடிக்காமல் வெட்டினால் மூக்கு கறுத்துச் செத்துவிடும். இன்னொரு மூக்கு செய்ய நெற்றியில் தோல் இல்லை.

படிவத்தில் இவர் கையெழுத்துப் போட்டாயிற்று. உறவினர் என்ற கோட்டில் நான் போட வேண்டியதுதான் பாக்கி. எனக்குக் கை வரவில்லை.

காரணம் டாக்டர்தான்.

நல்ல மனிதர். தலை நரைத்தவர். ஆனால் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் தான் ஒன்றும் சொல்லாமல், "எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று நர்ஸைக் கேட்பார். நர்ஸ் சொன்ன பிறகு பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் கேட்பார். பார்க்கிற வைத்தியரே ஊரைக் கேட்டால் எப்படி நம்புவது?

ஆள் கொஞ்சம் கவனக்குறைவு வேறு. ஒரு காலில் பச்சை சாக்ஸ், மறு காலில் பழுப்பு. சொந்தக் காலுக்கே ஜோடி பார்க்காதவர் என் புருஷன் முகத்தில் எதை எப்படி ஒட்டியிருப்பாரோ என்று வெளியே பெஞ்சில் முணுமுணுத்தேன்.

"காலை விடுடி, கையைப் பாரு" என்றார் இவர்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று டாக்டர் ஒருமுறை கேட்டிருந்தார். நூல் கடையில் இருபத்தாறு வருஷம், தையல்காரர்கள் கொண்டுவரும் துணிக்கு நூல் பொருத்திக் கொடுக்கிறேன் என்றேன். அப்படியானால் இன்றைய சோதனைக்கு நானும் அவசியம் உள்ளே வர வேண்டும் என்றார். மனைவி பக்கத்தில் இருந்தால் இவருக்குத் தெம்பு என்று நினைக்கிறார் போலும் என்று நினைத்தேன்.

பதினைந்து நிமிஷம் ஆயிற்று.

டாக்டர் மூக்கை விரலால் அழுத்தி விட்டு, வாய்க்குள் எண்ணினார். மெல்லிய ஊசியால் குத்தினார். ஒரு சொட்டு எழுந்து நின்றது.

பிறகு எனக்கும் நர்ஸுக்கும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். பார்ப்பதை எழுத வேண்டும், ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கக் கூடாது.

பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி. எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் குனிந்தேன்.

மூன்று வாரமாக நான் அந்த மூக்கை நேராகப் பார்த்ததே இல்லை. பயம். இப்போது என் புருஷன் முகம் என்பதை மறந்து, கடையில் நீட்டிய துணித்துண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

'பழுப்பு. உள்ளே சிவப்பு ஓடுகிறது. சாம்பல் துளிகூட இல்லை.'

எழுதிச் சீட்டை மடித்துக் கொடுத்தேன்.

நர்ஸின் சீட்டில் இரண்டே சொல். 'சிவப்பு இருக்கு.'

டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தார். ரப்பரை அவிழ்த்தார். சீட்டுகளைக் கோப்பில் குத்திவிட்டு, படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

அப்போதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே இருந்த கடுப்பு வேறு வழியாக வெளியே வந்தது.

"டாக்டர், உங்க சாக்ஸ் ரெண்டும் வேற வேற நிறம்."

அவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படியா? எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது" என்றார். "பச்சை, பழுப்பு, சிவப்பு... பிறந்ததிலேர்ந்தே எனக்குப் பிரிச்சுத் தெரியாதும்மா. மத்ததெல்லாம் நானே பாத்துக்குவேன். நிறத்துக்கு மட்டும் ரெண்டு பேர் ஒரே மாதிரி எழுதலைன்னா கத்தியைத் தொடமாட்டேன்."

நர்ஸ் சிரிக்கவில்லை. அவருக்கு இது பழைய செய்தி.

எனக்கு ஒரு நொடி பகீரென்றது. அடுத்த நொடி, இத்தனை நாள் மனதை அரித்தது எதுவோ அது அடங்கிவிட்டது. தன் கண்ணில் குறை எங்கே இருக்கிறது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"முதல் நாளே இவர்கிட்ட சொல்லிட்டேனே. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் டாக்டர்.

நான் மெதுவாகத் திரும்பினேன்.

இவர் கூரையைப் பார்த்தபடி நெற்றி ஓரத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். மூக்கில் ஈ எதுவும் இல்லை.

அன்றைக்கே சொல்லியிருந்தால் கையைப் பிடித்து வேறு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அது இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கையெழுத்தைப் போட்டேன். மிச்சக் கச்சேரியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.