ஒரே வார்த்தை போதும்

மேலாளர் தனக்கான பாராட்டுக் கடிதத்தைத் தானே சொல்லச் சொல்ல, தட்டச்சுக்காரி அடிக்கிறாள். அவர் மீசையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கிறது. "'எக்ஸெம்ப்ளரி'ன்னு போடும்மா. எல்லாரும் பார்த்து நடக்கணும்னு அர்த்தம்." அடுத்தது லிஃப்ட்காரரின் வேலைநீக்கக் கடிதம். காய்ச்சலோடு வந்தவர் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டாராம். "இந்தத் தண்டனைக்கும் அதே வார்த்தையைப் போடு." "அதேவா, சார்?" "இது மத்தவங்க பார்த்துப் பயப்பட." கண்ணாடிக் கதவுக்கு வெளியே லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்தபடி நிற்கிறார். மின்விசிறிக் காற்றில் இரண்டு தாள்களும் படபடக்கின்றன. "உங்க கடிதத்துல எந்த அர்த்தம்னு விளக்கணுமா, சார்?" "என்னைப் பார்த்தாலே தெரியுமே!" அவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். "நல்லாவே தெரியுது, சார்." அவள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் போடுகிறாள். "உட்காருங்கண்ணே."