ஹோலிஸ் செய்த இரண்டு தப்பு

“மத்த எட்டுப் பேருக்கும் சான்றிதழ் ரெடி. உங்க மதிப்பெண் தாளை மட்டும் எங்கயோ வெச்சுத் தொலைச்சுட்டேன், ராய்ஸ்” என்று தலையைச் சொறிந்தார் துப்பாக்கிப் பயிற்சி வாத்தியார் ஹோலிஸ்.

“அதுக்கு?”

“அது இல்லாம நான் கையெழுத்துப் போடக் கூடாது. அடுத்த சனிக்கிழமை வந்து இன்னொரு தடவை சுட்டுடுங்க. தோட்டா என் செலவு.”

ராய்ஸுக்குச் சுரீரென்றது. கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமென்றால், சுடும் தேர்வில் தேறியதாக ஹோலிஸ் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். அது பக்கத்தில் நின்ற மனைவி லனெல் கையில் இருந்தது. தன் கையில் இல்லை.

பத்து வயதிலிருந்து மான் வேட்டைக்குப் போகிறவன் ராய்ஸ். லனெல் துப்பாக்கியைத் தொட்டே ஒரு மாதம்தான் ஆகிறது.

அடுத்த சனிக்கிழமை போனான். ஹோலிஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “வந்ததுதான் வந்தீங்க, பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்க. விசையை வெடுக்குன்னு இழுக்காதீங்க” என்று நச்சரித்தார். கடைசித் தோட்டா வெடித்ததும் ஓட்டை விழுந்த டார்கெட் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனவர், வெறுங்கையோடு வெளியே வந்தார்.

“மறுபடியும் என் தப்புதான், ராய்ஸ். தேதியை மாத்திப் போட்டுட்டேன். தாள்ல அடிச்சுத் திருத்தினா ஒத்துக்க மாட்டாங்க. அடுத்த வாரம் இன்னொரு தடவை...”

“உங்களுக்கு ஒரு தாளை ஒழுங்கா நிரப்பத் தெரியாதா? இதுல நீங்க வாத்தியாரு!”

“வயசாச்சு. மன்னிச்சுக்கங்க.”

மூன்றாவது வாரம்தான் சான்றிதழ் கைக்கு வந்தது. அதற்குள் லனெலின் லைசென்ஸ் தபாலில் வந்துவிட்டது.

வந்தது சும்மா வந்ததா? ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தது. சர்ச் விருந்தில் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். தீவனக் கடையில் அவன் நண்பர்கள் சிரித்தார்கள்.

“ராய்ஸ், இனிமே வெளியே சத்தம் கேட்டா நீ கட்டிலுக்கு அடியில, லனெல் வாசல்ல! சரிதானே?”

அவனும் சிரித்து வைத்தான். வயிறு எரிந்தது. கடையில் அவள் பர்ஸைத் திறக்கும்போதெல்லாம் அந்த லைசென்ஸ் பல்லைக் காட்டியது. நேராக முகம் கொடுத்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டான். கட்டின பெண்டாட்டிமேல் பொறாமைப்படுகிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்தால் மட்டும் போய்விடுமா?

“உன் லைசென்ஸும் வந்துடும், ராய்ஸ். என்ன அவசரம்?” என்றாள் லனெல்.

“நீ பேசுவே. உனக்கு வந்துடுச்சே!”

அவளைத் திட்ட வழியில்லை. ஹோலிஸைத் திட்டலாமே? லைசென்ஸ் அலுவலகத்துக்குப் புகார் எழுதினான். ‘மதிப்பெண் தாளைத் தொலைத்தார். தேதியைத் தப்பாக எழுதினார். இவர் பயிற்சி கொடுக்கவே லாயக்கில்லை. அனுமதியை ரத்து செய்யுங்கள்.’

“அவரு சோறு அதுலதான் இருக்கு, ராய்ஸ். வேணாம்” என்றாள் லனெல்.

“பொறுப்பில்லாதவனுக்கு எதுக்கு அந்த வேலை?”

தபாலில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தான்.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி போன் செய்தார். சமையலறையில் லனெல் பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று ராய்ஸ் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், உங்க புகாரைப் பத்தி ஹோலிஸ்கிட்ட கேட்டோம். ‘ஆமா, ரெண்டுமே என் தப்புதான்’னு ஒத்துக்கிட்டாரு.”

ராய்ஸ் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

“ரெண்டு தப்பு இருந்தா அனுமதியைப் பறிச்சுடுவோம். பறிக்கறதுக்கு முன்னாடி கோப்பை நேர்ல பார்க்கணும், அது எங்க வழக்கம். அவரு குடுக்க மாட்டேன்னு மல்லுக்கு நின்னாரு. வாங்கிட்டு வந்துட்டோம்.”

“நல்லது மேடம்!”

“தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே, அந்தத் தாள்தான் கோப்புல முதல்ல இருக்கு சார். உங்க பேர்ல மூணு தாள் இருக்கு. தேதி, கையெழுத்து எல்லாம் சரியா இருக்கு. ஒரு புள்ளிகூடப் பிசகல.”

“அப்புறம் ஏன் என்னை ரெண்டு தடவை...”

“பாஸ் மார்க் நூத்தி எழுபத்தஞ்சு. நீங்க முதல் தடவை எடுத்தது நூத்தி அம்பத்திரெண்டு. ரெண்டாவது தடவை நூத்தி அறுபத்தெட்டு. மூணாவது தடவைதான் நூத்தி எண்பத்தொண்ணு. அவரு உங்ககிட்ட சொல்லவே இல்லையா?”

சமையலறைக் கத்தியின் சத்தம் நின்றது.

“சார், இருக்கீங்களா? இந்தப் புகாரை என்ன பண்ணட்டும்?”



“கிழிச்சுடுங்க மேடம்” என்றான் ராய்ஸ்.

போனை வைத்தான். மெல்லத் தலையை நிமிர்த்தினான். லனெல் முகத்தில் ஆச்சரியத்தின் சாயலே இல்லை. நறுக்கிய பழத்தை ஒரு தட்டில் வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

“உனக்கு... உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“உன் பக்கத்து டார்கெட் என்னுதுதானே, ராய்ஸ்? உன்னுதுல விழுந்த ஓட்டையை அன்னிக்கே எண்ணிட்டேன்.”